காற்றும் கடலும்: ஒரு கொடுக்கல் வாங்கலின் வரலாறு



தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கும் இடத்தை நம்மில் பலர் அறிவோம். வாளியில் எவ்வளவு பால் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கிராணியார் கணக்கு எழுதிவிடுவதில்லை. கண்ணாடிக் குழல் ஒன்றைப் பாலில் மிதக்கவிட்டு, அதிலிருந்து உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகே புத்தகத்தில் பதிவார். வாளி நிறைந்து தளும்பினாலும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் நீர். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒன்று, கணக்குக்கு வேண்டிய அளவு வேறொன்று. இன்று நாம் பேசப்போவதும் அப்படிப்பட்ட ஓர் அளவையின் வரலாறுதான். ஆனால் இங்கே வாளி என்பது கடல்.

நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. காடுகளை அழித்து எரிக்கும்போதும் அது வெளிவருகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு சூரியனால் சூடேறிய பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் ஓரளவு தடுத்துவைக்கிறது. காற்றில் அது கூடினால் உலகம் சூடேறும் என்று சுவீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அரீனியஸ் 1896-இலேயே கணக்கிட்டுச் சொன்னார். மனிதர் வெளியிட்ட கரியமில வாயு முழுவதும் காற்றில் தங்கியிருந்தால் நிலைமை இன்று இன்னும் கடுமையாக இருந்திருக்கும். ஆனால் அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்குதான் காற்றில் நிற்கிறது. மிச்சத்தை மரங்களும் மண்ணும் ஒரு பங்கு, கடல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கின்றன. கடலின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று.

இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டோம். கண்டுபிடிக்க நூறாண்டுக்கு மேலாயிற்று.

1872 முதல் 1876 வரை ‘சேலஞ்சர்’ என்னும் ஆங்கிலேயக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. அக்கப்பலின் வேதியியலார் ஜான் யங் புக்கானன் கடல்நீரிலுள்ள கரியமில வாயுவை அளக்க முயன்றார். நீரைக் கொதிக்கவைத்தால் கரைந்துள்ள வாயு வெளியேறவேண்டும் அல்லவா? சோடா போத்தலை வெயிலில் வைத்துத் திறந்தால் நுரைத்துப் பொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். கடல்நீர் அப்படி நடக்கவில்லை. கொதிக்கவைத்தும் அந்த வாயு எளிதில் வெளிவர மறுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் வட அட்லாண்டிக் கடலை ஆராய்ந்த நார்வே நாட்டவரான தூர்னே என்பார் காரணத்தைக் கண்டார். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது. அதில் புகும் கரியமில வாயு வெறும் வாயுவாக நிற்பதில்லை. நீரோடும் அதிலுள்ள உப்புகளோடும் சேர்ந்து உருமாறிவிடுகிறது. கடலிலுள்ள இவ்வகைக் கார்பனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே வாயுவாகக் கரைந்து நிற்கிறது என்பது இன்று நமக்குத் தெரியும். மற்ற தொண்ணூற்றொன்பது பங்கும் வேறு உருவில் ஒளிந்திருக்கிறது. ஆயினும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்துவது அந்த ஒரு பங்குதான்.

அந்த ஒரு பங்கை எப்படி அளப்பது? இதற்கு வழி கண்டவர் டென்மார்க் நாட்டு இளைஞர் ஒருவர். அவர் பெயர் ஆகஸ்ட் குரோக். 1902-இல் கிரீன்லாந்து தீவின் மேற்குக் கரையிலுள்ள டிஸ்கோ என்னுமிடத்துக்கு அவர் போனபோது வயது இருபத்தேழு. அவர் கையாண்ட முறை எளிமையானது. வீட்டில் ஒரு பெட்டிக்குள் பலாப்பழத்தை வைத்து மூடினால், சிறிது நேரத்தில் பெட்டிக்குள்ளிருக்கும் காற்று முழுவதும் பலா மணம் ஏறிவிடும். பழத்தை அறுத்துப் பார்க்கவேண்டியதில்லை. அந்தக் காற்றை முகர்ந்தாலே பழத்தின் பக்குவம் தெரிந்துவிடும். குரோக்கும் அதையே செய்தார். ஒரு சிறு காற்றுக் குமிழைக் கடல்நீரோடு உறவாடவிட்டார். நீரில் வாயு மிகுந்திருந்தால் அது குமிழுக்குள் போகும். குறைந்திருந்தால் குமிழிலிருந்து நீருக்குள் வரும். இரண்டும் சமமான பிறகு குமிழை எடுத்து அதிலுள்ள கரியமில வாயுவை அளந்தார். நீரைக் கேட்காமல், நீரோடு குடியிருந்த காற்றைக் கேட்கும் முறை இது. இன்றுவரை உலகக் கடல்களில் நடக்கும் அளவைகளுக்கு இதுவே அடிப்படை.

குரோக் தம் முடிவுகளை 1904-இல் வெளியிட்டார். காற்றில் கரியமில வாயு கூடினால் கடல் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் கொடுக்கும், ஆகவே கடல் ஒரு சீராக்கியைப் போல வேலை செய்கிறது என்பது அவர் கருத்து. அவருக்கு ஒரு சங்கடமும் நேர்ந்தது. கிரீன்லாந்துக் காற்றில் அவர் கண்ட அளவுகள் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக இருந்தன. அக்காலத்தில் காற்றை அளந்தவர் எல்லாருக்குமே இந்தத் தொல்லை இருந்தது. ஒருவர் கண்ட எண் மற்றவர் கண்ட எண்ணோடு பொருந்தாது. குரோக் பிறகு உடலியல் ஆராய்ச்சிக்குத் திரும்பி 1920-இல் நோபல் பரிசு பெற்றார். இனிப்பு நீர் நோயாளிகள் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினை டென்மார்க்கில் தயாரிக்கத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். நம் வீடுகளில் பலருக்கு அந்த மருந்து பழக்கமானது என்பதால் இதைச் சொல்லிவைத்தோம்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் இத்துறை மெல்லவே நகர்ந்தது. 1938-இல் காலண்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலார், காற்றில் கரியமில வாயு கூடிவருகிறது என்று எழுதினார். பலர் அதை நம்பவில்லை. பூமிப்பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல். காற்றிலுள்ளதைப்போல் ஏறக்குறைய ஐம்பது மடங்கு கார்பன் கடலில் இருக்கிறது. மனிதன் விடும் புகையை விழுங்குவது அதற்கு ஒரு பொருட்டா? இப்படித்தான் படித்தவர்களும் எண்ணினர். அளந்து பார்க்காமல் சொன்ன ஆறுதல் அது.

அந்த ஆறுதலைக் கலைத்தவர்கள் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த இருவர். ஒருவர் ரோஜர் ரெவெல். மற்றவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஹான்ஸ் சூயஸ். நிலக்கரி பல கோடி ஆண்டு பழையது. ஆகவே உயிருள்ள மரத்தில் காணப்படும் கதிரியக்கக் கார்பன் அதில் இராது. நிலக்கரிப் புகை காற்றில் கலந்தால், காற்றிலுள்ள கதிரியக்கக் கார்பன், தண்ணீர் கலந்த பாலைப்போல் நீர்த்துப்போகும். மர வளையங்களில் சூயஸ் அந்தக் கலப்படத்தை 1955-இல் கண்டுபிடித்தார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1957-இல் வெளிவந்தது. கடலின் மேற்பரப்புக்கு வரும் கரியமில வாயு சில ஆண்டுகளிலேயே நீருக்குள் புகுந்துவிடுகிறது என்று அவர்கள் கணக்கிட்டனர். அப்படியானால் கவலை இல்லைதானே? இல்லை. புகுந்ததெல்லாம் நீருக்குள் தங்குவதில்லை என்பதையும் ரெவெல் உணர்ந்தார்.

இந்த இடம் சற்றுக் கடினமானது, பொறுமையாகக் கேட்கவேண்டுகிறோம். கடல்நீரில் கரியமில வாயு வேறு உருவுக்கு மாறுகிறது என்றோம். அப்படி மாற்றுவதற்கு நீரில் கார்பனேட் என்னும் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு குறைவாகவே இருக்கிறது. ஒவ்வொரு முறை வாயு புகும்போதும் அதில் கொஞ்சம் செலவாகிறது. ஆகவே காற்றில் இந்த வாயு நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால், மேற்பரப்பு நீரிலுள்ள கார்பன் நூற்றுக்கு ஒரு பங்குதான் கூடும். கடலின் வாய் பெரிது, தொண்டை குறுகலானது என்று வைத்துக்கொள்ளலாம். மேல் நீர் ஆழத்துக்கு இறங்கி, ஆழத்து நீர் மேலே வந்தால்தான் மேலும் வாங்கமுடியும். அந்தச் சுழற்சிக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். மனிதனுடைய புகையோ காத்திருப்பதில்லை. நம் கருத்தில், இந்த வரலாற்றின் திருப்பம் இங்கேதான் இருக்கிறது. கடல் எவ்வளவு பெரியது என்ற கேள்வி போய், ஆண்டுக்கு எவ்வளவு வாங்கும் என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை சொல்ல நூலறிவு போதாது, அளக்கத்தான் வேண்டும்.

முதலில் காற்றைப் பிழையின்றி அளக்கவேண்டும். அதைச் செய்தவர் சார்லஸ் டேவிட் கீலிங். 1955-இல் மனைவியும் கைக்குழந்தையும் உடன்வர, கலிபோர்னியாக் கடலோரக் காட்டில் கூடாரமடித்து, இரவும் பகலும் சில மணிக்கு ஒருமுறை கண்ணாடிக் குடுவையில் காற்றைப் பிடித்தவர் அவர். பிற்பகலில் காற்று நன்றாகக் கலந்திருக்கும்போது எங்கே அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண் வருவதைக் கண்டார். மற்றவர்களின் எண்கள் சிதறியதற்குக் காரணம் காற்றல்ல, அளந்த முறையும் இடமும் என்பது விளங்கியது. ரெவெல் அவரை வேலைக்கு அழைத்துக்கொண்டார். 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் கருவி ஓடத் தொடங்கியது. முதல் அளவு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 313 பங்கு. 1964-இல் பணம் வெட்டப்பட்டதால் சில மாதங்கள் அளவை நின்றுபோனது. அந்த வெற்றிடத்தை வரைபடத்தில் இன்றும் பார்க்கலாம். 2024-இன் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. ஆலைத் தொழில் பெருகுமுன் இது 280 அளவில் இருந்தது.

அடுத்து கடலை அளக்கவேண்டும். ஜப்பானில் 1930-இல் பிறந்து அமெரிக்காவில் படித்த டாரோ தகஹாஷி இந்த வேலையைத் தம் வாழ்நாள் வேலையாகக் கொண்டார். 1957-இல் ‘வீமா’ என்னும் கப்பலில் ஏறி அட்லாண்டிக்கை அளந்தார். வீமா முன்னர்ப் பணக்காரர்களின் உல்லாசப் பாய்மரக் கப்பலாக இருந்தது. பிறகு ஆராய்ச்சிக்கு வந்தது. குரோக்கின் குமிழ் முறை இப்போது பெரிதாயிற்று. குழாய் மூலம் கடல்நீரை இடைவிடாமல் இறைத்து, ஒரு பெட்டிக்குள் தூவானமாகத் தெளிப்பார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்தத் தூவானத்தோடு உறவாடிச் சமமாகிவிடும். பிறகு அந்தக் காற்றினூடே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைச் செலுத்துவார்கள். கரியமில வாயு அக்கதிரை விழுங்கும் குணமுடையது. விழுங்கிய அளவைக்கொண்டு வாயுவின் அளவை அறிவார்கள். கப்பல் போகப்போக அளவும் போய்க்கொண்டே இருக்கும்.

அதே 1960-களில் கீலிங்கின் குழுவும் பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் அளந்தது. பின்னர்ச் சரக்குக் கப்பல்களிலும் இந்தக் கருவிகள் பொருத்தப்பட்டன. தகஹாஷி தம் அளவுகளோடு மற்றவர் அளவுகளையும் ஒன்றுசேர்த்தார். 2009-இல் அவர் வெளியிட்ட உலகப்படத்துக்கு ஏறக்குறைய 30 இலட்சம் அளவுகள் அடிப்படை. 2019-இல் அவர் காலமானார். இன்று உலக நாடுகளின் பொதுத் தொகுப்பில் 3 கோடிக்கும் மேற்பட்ட அளவுகள் சேர்ந்துள்ளன.

அந்தப் படத்தைப் பார்த்தால் கடல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பது விளங்கும். குளிர்ந்த வட அட்லாண்டிக் வாங்குகிறது. நடுக்கோட்டுப் பசிபிக்கோ கொடுக்கிறது. அங்கே ஆழத்திலிருந்து வாயு செறிந்த பழைய நீர் மேலே எழும்பிச் சூடேறி, தன்னிடமுள்ளதைக் காற்றில் விடுகிறது. எல் நினோ ஆண்டுகளில் அந்த எழுச்சி தளர்ந்துவிடும். கடல் விடும் வாயுவும் குறையும். இது நல்லதுதானே என்று நினைக்கவேண்டா. 1997-இல் எல் நினோ வந்தபோது நம் பக்கத்தில் மழை பொய்த்தது; இந்தோனேசியாவின் கரிச்சதுப்புக் காடுகள் மாதக்கணக்கில் எரிந்தன. அந்தப் புகைமூட்டத்தை நாம் மறக்கமுடியுமா? சரவாக்கில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. கடல் விடாமல் பிடித்துவைத்ததைவிட அதிகமான கரியமில வாயு நிலத்திலிருந்து கிளம்பிவிட்டது.

இவ்வளவும் அளந்தாலும் கணக்கு முடியவில்லை. நீரிலும் காற்றிலும் உள்ள வேறுபாடு தெரிந்தால், வாயு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லலாம். எவ்வளவு விரைவாகப் போகும்? அது காற்று வீசும் வேகத்தைப் பொறுத்தது. சூடான தேநீரைக் குவளையில் அப்படியே வைத்தால் ஆற நேரமாகும். உயரத் தூக்கி ஆற்றினால் விரைவில் ஆறும். அலையடித்து நுரைக்கும் கடலும் அப்படித்தான். காற்றின் வேகம் இரு மடங்கானால் பரிமாற்றம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது இன்று பெரும்பாலோர் கையாளும் கணக்கு.

இந்த வேகத்தை உலகளவில் காட்டிக்கொடுத்தது அணுகுண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். வல்லரசுகள் வெளியில் வெடித்துச் சோதித்த குண்டுகளால் வடபாதி உலகின் காற்றில் கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1963-இல் அமெரிக்காவும் சோவியத்து நாடும் பிரிட்டனும் வெளிச் சோதனைகளை நிறுத்த உடன்பட்டன. அதன்பின் காற்றிலிருந்த அந்தக் கார்பன் மெல்லக் கடலுக்குள் இறங்கியது. 1972 முதல் 1978 வரை ஜியோசெக்ஸ் என்னும் ஆராய்ச்சித் திட்டத்தின் கப்பல்கள் கடல்தோறும் ஆழத்து நீரை எடுத்து, குண்டுக் கார்பன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தன. அதைக்கொண்டு வாலஸ் புரோக்கர் முதலியோர் உலகச் சராசரி வேகத்தைக் கணித்தனர். பிறகு தீங்கற்ற வழியும் கிடைத்தது. 1991-இல் வெளியான வடகடல் ஆய்வில், ஆண்ட்ரூ வாட்சன் குழுவினர் நீரில் இரு அரிய வாயுக்களைக் கரைத்துவிட்டு, எது எவ்வளவு விரைவாக நீரைவிட்டு ஓடுகிறது என்று புயற்காற்றிலும் பின்தொடர்ந்தனர்.

இன்னொரு நுட்பம். காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிவதுபோல் கடலின்மேல் மயிரிழையிலும் மெல்லிய தோல் ஒன்று உண்டு. அது கீழுள்ள நீரைவிட ஒரு பாகையில் பத்தில் ஒன்றோ இரண்டோ குளிர்ந்திருக்கும். கப்பல்கள் நீரை எடுப்பதோ சில மீட்டர் ஆழத்திலிருந்து. இந்தச் சின்ன வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தால் கடல் வாங்கும் அளவு கணிசமாகக் கூடிவிடும் என்று 2020-இல் வாட்சன் குழுவினர் காட்டினர். இவ்வளவு சிறிய திருத்தம் ஏன் இப்படி ஆட்டிவைக்கிறது? கடலும் காற்றும் ஆண்டுதோறும் கைமாற்றிக்கொள்ளும் கார்பன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 8,000 கோடி டன். அதில் கடலிடம் தங்குவது 250 முதல் 300 கோடி டன். எண்பது வெள்ளி கைமாறும் கடையில் இரண்டரை வெள்ளி மிச்சத்தைக் கண்டுபிடிப்பதைப் போன்றது. சில்லறை தவறினால் மிச்சமே தவறிவிடும்.

ஆகவே வேறு வழியாலும் சரிபார்த்தார்கள். 1990-களில் பல நாட்டுக் கப்பல்கள் எல்லாக் கடல்களிலும் ஆழத்து நீரைப் போத்தல்களில் எடுத்தன. ரப்பர்ப் பால் கட்டிவிடாமல் நாம் அமோனியா ஊற்றுகிறோம் அல்லவா? அதுபோல இந்தப் போத்தல்களில் பாதரச உப்பை ஒரு துளி விட்டு நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுவார்கள். இல்லாவிட்டால் அவை மூச்சுவிட்டே கணக்கைக் கெடுத்துவிடும். அந்த அளவுகளை வைத்து 2004-இல் கிறிஸ்தோபர் சபின் குழுவினர் ஒரு முடிவு சொன்னார்கள். 1800 முதல் 1994 வரை கடல் விழுங்கிய மனிதக் கார்பன் ஏறக்குறைய 11,800 கோடி டன். அக்காலத்தில் நிலக்கரி, எண்ணெய், சிமெண்டு ஆகியவற்றால் வெளிவந்ததில் கிட்டத்தட்டப் பாதி.

இதற்குக் கடல் கொடுத்த விலையும் அளக்கப்பட்டிருக்கிறது. மேல் நீரின் பி.எச். அளவு 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. எண் சிறிது, ஆனால் அமிலத்தை உண்டாக்கும் அயனிகள் நூற்றுக்கு முப்பது அளவில் கூடிவிட்டன என்பது அதன் பொருள். ரெவெல் சொன்ன அந்தக் கார்பனேட் சரக்குதான் பவளமும் சிப்பியும் தம் கூட்டைக் கட்ட எடுத்துக்கொள்வதும். அது குறைந்துகொண்டு வருகிறது.

தென்துருவத்தைச் சூழ்ந்த கடலே மனிதக் கார்பனில் கடல் வாங்கும் பங்கில் பத்தில் நான்கை வாங்குகிறது. குளிர்காலத்தில் இருளும் புயலும் சூழ்ந்த அக்கடலுக்குக் கப்பல் போவது அரிது. ஆகவே 2014 முதல் தானே மூழ்கி எழும் மிதவைகளை விட்டிருக்கிறார்கள். அவை பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழும்பி, வழியில் நீரின் அமிலத்தன்மையை அளந்து, விண்கோள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. குளிர்காலத்தில் அக்கடல் நினைத்ததைவிட மிகுதியாக வாயுவை வெளியே விடுகிறது என்று 2018-இல் மிதவைகள் கூறின. இல்லை, அது வலுவாகவே வாங்குகிறது என்று விமானத்திலிருந்து காற்றை அளந்தவர்கள் 2021-இல் கூறினர். இருவருடைய எண்களும் இன்னும் முழுமையாகப் பொருந்தவில்லை.

2023-இல் உலகக் கடல்களின் மேற்பரப்பு அதுவரை காணாத அளவு சூடேறியது. எல் நினோ ஆண்டாதலால் கடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக வாங்கியிருக்கவேண்டும். ஆனால் எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைவாகவே வாங்கியது என்று 2025-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வடபாதி உலகின் கடல்கள், சிறப்பாக வட அட்லாண்டிக், வெயிலில் வைத்த சோடாவைப்போல் வாயுவைப் பிடித்துவைக்க முடியாமல் திணறின. அது ஓராண்டோடு போகுமா, தொடருமா என்பதை அறியக் கப்பல்களும் மிதவைகளும் அளந்துகொண்டிருக்கின்றன.